சுமை குறைந்த வாழ்க்கை

எளிய வாழ்க்கை என்னும் தொடரைக் கேட்டவுடன் மாணவர் பலருடைய உள்ளத்தில் இரண்டு படங்கள் தோன்றுகின்றன. ஒன்று, காட்டிலே குடிசை அமைத்துக் கிழங்கும் கனியும் உண்டு வாழும் முனிவரின் படம். மற்றொன்று, வேண்டியது கிடைக்காமல் ஏங்கி நிற்கும் வறியவரின் படம். முன்னது நம்மால் இயலாதது. பின்னது யாரும் விரும்பத் தகாதது. ஆகவே எளிய வாழ்க்கை என்பது மேடையிலே பேசுதற்கு ஏற்ற பொருளேயன்றி, வீட்டிலே நடத்துதற்கு ஏற்றதன்று என்று அவர்கள் முடிவு செய்துவிடுகின்றனர். இவ்விரு படங்களும் பிழையானவை. எளிமை துறவும் அன்று, வறுமையும் அன்று. இன்றியமையாதது எது, இல்லாவிடினும் குறைவு தராதது எது என்று பிரித்தறிந்து, முன்னதற்குப் பொருளையும் காலத்தையும் கருத்தையும் நிறையக் கொடுத்து, பின்னதற்குக் குறையக் கொடுத்து வாழ்வதே எளிமை. அவ்வாறு வாழ்வதற்குத் துணைசெய்யும் அன்றாடப் பழக்கங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வறுமையைக் குறித்து ஒரு சொல்லை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்து உடுத்துக்கொண்டு பள்ளிக்கு வரும் சிறுவனிடம் சென்று, "தம்பி, எளிமையாக வாழ்வாயாக" என்று அறிவுரை கூறுவது அறமாகாது. அவனுக்கு வேண்டுவது இரண்டாவது சட்டை, உபதேசம் அன்று. கிடைக்காமையால் இல்லாதிருப்பது வேறு. கிடைத்தும் வேண்டா என்று விடுவது வேறு. இந்த வேறுபாட்டை மறந்தால் நம் பேச்சு முழுவதும் போலியாகிவிடும். ஆயினும் காலமும் கருத்தும் செல்வரிடத்தும் வறியரிடத்தும் உள்ள பொதுச் செல்வங்கள். வேலைக்கும் சென்றுகொண்டு படிக்கும் மாணவனுக்கு அக்காலமும் குறைவாகவே கிடைக்கிறது என்பதை நான் அறிவேன். அதனாலேயே காலத்தைக் காக்கும் பழக்கங்கள் மற்றவரைக்காட்டிலும் அவனுக்கு மிகுதியாகப் பயன்படும்.

இனி, மனச்சுமை என்பது யாது என்று காண்போம். நம் முன்னோர் கவலை என்றார்கள்; இக்காலத்தார் மன இறுக்கம் என்கின்றனர். அது வெறும் எண்ணம் அன்று. உடம்பினுள் நிகழும் ஒரு செயல். அச்சமோ சினமோ தோன்றும்பொழுது உடம்பில் ஏற்படும் மாறுதல்களை ஆராய்ந்து, அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் 1915-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நம் சிறுநீரகங்களின் மேலே தொப்பி கவிழ்த்தாற்போல் அட்ரினல் என்னும் சுரப்பிகள் இரண்டு இருக்கின்றன. அச்சம் தோன்றியவுடன் அவை தம் சுரப்பைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, குருதியில் சர்க்கரை மிகுகிறது, தசைகளுக்குக் குருதி பாய்கிறது, செரிமானம் தடைப்படுகிறது. எதிரே நிற்கும் பகையோடு பொருதற்கோ, அன்றி அதனிடமிருந்து தப்பி ஓடுதற்கோ உடம்பு இவ்வாறு ஆயத்தம் செய்துகொள்கிறது. இஃது இயற்கை நமக்கு அளித்த காவல்.

பின்னர்க் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த ஹான்ஸ் செலி என்பார், 1936-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். குளிர், காயம், அளவிறந்த உழைப்பு, நஞ்சு ஆகிய வெவ்வேறு துன்பங்களுக்கு ஆளான எலிகளின் உடம்பில் ஒரே வகையான மாறுதல்கள் நிகழக் கண்டார். துன்பம் தொடங்கியவுடன் உடம்பு திடுக்கிடுகிறது. சிலகாலம் தாங்கி நிற்கிறது. துன்பம் நீங்காது தொடருமாயின் முடிவில் சோர்ந்து விழுகிறது. இவ்வுண்மையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. காட்டிலே புலியைக் கண்டு ஓடியவனுடைய அச்சம், புலி போனவுடன் போய்விடும். ஆனால் திருப்பித் தரவேண்டிய கடனும், படிக்காமல் குவிந்துகிடக்கும் பாடமும், ஓயாமல் ஒலிக்கும் கைப்பேசியும் அவ்வாறு போய்விடுவதில்லை. சிறிதேயாயினும் இரவு பகலாக அவை நம்மோடு இருக்கின்றன. உடம்பைச் சோர்வடையச் செய்வது இந்த நீங்காமையே.

ஆகவே இறுக்கம் சிறிதும் இல்லாத வாழ்வை நான் உங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. நரம்பு தளர்ந்த வீணையில் இசை எழாது. நாளைக்குத் தேர்வு என்ற எண்ணம் ஒரு மாணவனை இன்று புத்தகத்தை எடுக்கச் செய்யுமாயின், அது நன்மையே. வேண்டும்பொழுது முறுக்கவும் வேண்டாதபொழுது தளர்த்தவும் அறிந்திருத்தலே திறமை. அத்திறமை அன்றாடப் பழக்கத்தால் வருவது.

பழக்கத்தினால் தம் வாழ்வைச் சீர்செய்துகொண்ட ஒரு கல்லூரி மாணவரின் வரலாற்றைச் சொல்கிறேன். 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் சட்டம் பயில்வதற்காக இலண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்குச் சென்று சேர்ந்த காலத்தில் அவருக்கு வயது பத்தொன்பது. நாகரிகக் கனவான்போல் தோன்றவேண்டும் என்னும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. 19 ஷில்லிங் கொடுத்து உயரமான தொப்பி வாங்கினார். பாண்டு தெருவில் 10 பவுன் செலவிட்டு மாலை உடை தைத்துக்கொண்டார். ஊரிலிருந்த தமையனாருக்கு எழுதிப் பொன்னாலான கடிகாரச் சங்கிலி வருவித்தார். நடனம் பயில 3 பவுன் கட்டினார். பியானோவின் தாளம் பிடிபடவில்லை. செவியைப் பழக்கவேண்டி 3 பவுனுக்கு வயலின் வாங்கினார். சொற்பொழிவுக் கலைக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்தினார். இம்மயக்கம் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. பிறகு, 'நான் வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்திலா இருக்கப்போகிறேன்? கற்க வந்த நான் கற்பதை விட்டு வேறென்ன செய்கிறேன்?' என்ற கேள்வி அவருள் எழுந்தது. அம்மாணவர்தாம் பிற்காலத்தில் நம் நாட்டின் தந்தை என்று போற்றப்பெற்ற காந்தியடிகள்.

அவர் தம் வாழ்வைத் திருத்திக்கொண்ட முறையைக் கவனியுங்கள். பெரிய நோன்பு ஒன்றையும் அவர் அப்பொழுது மேற்கொள்ளவில்லை. செலவாகும் ஒவ்வொரு காசையும் எழுதலானார். பேருந்துக் கட்டணம், அஞ்சல் செலவு, செய்தித்தாள் விலை ஆகிய எல்லாவற்றையும் குறித்து, இரவு உறங்கப்போகுமுன் கணக்கை முடித்தார். பின்பு, போகவேண்டிய இடத்திற்கு அரைமணி நேரத்தில் நடந்து சேரக்கூடிய பகுதியில் அறை எடுத்தார். வண்டிச் செலவு மிஞ்சிற்று. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மைல் நடக்கும் பழக்கமும் வந்தது. சில காலம் சென்றபின் இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்கு மாறினார். ஓர் அடுப்பு வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே ஆயத்தம் செய்துகொண்டார். நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ் செலவில் வாழ முடிந்தது. அவர் கடுமையாகப் படித்த காலமும் இதுவே. இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் முதன்முறை இலத்தீன் மொழியில் தவறியவர், மறுமுறை எழுதி வென்றார். 1891-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். இம்மாறுதல் தம் வாழ்வை வறண்டதாக்கவில்லை என்றும், அகவாழ்வும் புறவாழ்வும் ஒன்றுபட்டதனால் மகிழ்ச்சியே மிகுந்தது என்றும் தம் வரலாற்றில் அவர் கூறியுள்ளார்.

இவ்வரலாற்றிலிருந்து முதற்பழக்கம் கிடைக்கிறது. அதுவே இரவுக் கணக்கு. காசு கையிலிருந்து கைக்கு மாறிய காலத்தில், செலவாவது கைக்குத் தெரிந்தது. சட்டைப்பை இளைத்தால் மனமும் உணர்ந்தது. 2016-ஆம் ஆண்டில் நம் நாட்டில் யுபிஐ முறை வந்தபின், விரலை வைத்தால் பணம் போய்விடுகிறது. இம்முறை மிக வசதியானது. அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் பணம் போவதைக் கை உணராதபொழுது, கண்ணாவது உணரவேண்டும். நாள்தோறும் இரவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய செலவை ஒரு சிறு ஏட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். தேநீருக்குக் கொடுத்த பத்து ரூபாயையும் விடவேண்டா. ஒரு மாதம் கழித்து ஏட்டைப் புரட்டினால், வேண்டிச் செய்த செலவு எவ்வளவு, பிறர் செய்வது கண்டு செய்த செலவு எவ்வளவு என்பது தானே விளங்கும். வருவாய் சிறிதாயினும் செலவு அதனைக் கடந்து அகலாதவரை கேடில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். சிக்கனம் கருமித்தனம் அன்று. அது தன் வலிமையைத் தான் அறிந்திருத்தலே என்பது அவ்வதிகாரத் தலைப்பினாலேயே பெறப்படும்.

அந்த ஏட்டின் மறுபக்கத்தில் மற்றொரு கணக்கையும் எழுதலாம். நாளை செய்யவேண்டிய வேலைகள் யாவை, அவற்றை எப்பொழுது, எங்கே செய்வது என்னும் கணக்கே அது. முடியாத வேலை மனத்தை விட்டு நீங்குவதில்லை என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. உண்ணும்போதும் உறங்கும்போதும் அது வந்து வந்து தட்டும். 2011-ஆம் ஆண்டில் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. அந்த வேலையை முடித்தால்தான் மனம் அமைதியடையும் என்பதில்லை. அதை எவ்வாறு முடிப்பது என்று தெளிவாகத் திட்டம் செய்துவிட்டாலே அதன் தொல்லை அடங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டனர். 'கணக்குப் படிக்கவேண்டும்' என்று எழுதுவது திட்டம் ஆகாது. 'நாளை மாலை ஆறு மணிக்குத் திண்ணையில் அமர்ந்து, முக்கோணவியலில் முதல் ஐந்து கணக்குகள்' என்று எழுதுவதே திட்டம். அதனோடு மறுநாளைக்குரிய புத்தகங்களை இரவிலேயே பையில் எடுத்து வைத்துவிட்டால், காலையில் வீட்டிலே எழும் கூச்சலில் பாதி அடங்கிவிடும்.

இரண்டாவது பழக்கம், படிப்பைப் பகிர்ந்துகொள்ளுதல். மாணவருடைய மனச்சுமைக்கு முதற்காரணம் தேர்வு என்று சொல்வார்கள். நான் ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில் கண்டது வேறு. தேர்வைவிட, தேர்வுக்கு முந்திய வாரத்தில் எல்லாவற்றையும் விழுங்க முயல்வதே அச்சத்தை விளைக்கிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியின் போக்கை அளந்து 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மனப்பாடம் செய்ததில் பாதிக்கு மேற்பட்ட பயன் ஒரு மணி நேரத்திற்குள்ளேயே கரைந்துபோகக் கண்டார். அதே நூலில் மாணவர் பொன்னேபோல் போற்றவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாள்களில் பகிர்ந்து 38 முறை ஓதியே அவர் பெற்றார். உழைப்பிலே ஏறக்குறையப் பாதி மிச்சம்! உழவர் ஒரு மாதத்து நீரை ஒரே நாளில் வயலுக்குப் பாய்ச்சுவதில்லை; பயிர் அழுகிவிடும் என்பது அவர்க்குத் தெரியும். இன்று கற்ற பாடத்தை இன்றிரவு பத்து நிமிடம், மூன்றாம் நாள் பத்து நிமிடம், அடுத்த வாரம் பத்து நிமிடம் திருப்பிப் பார்ப்பவன், தேர்வுக்கு முந்திய இரவில் நன்றாக உறங்குவான்.

உறக்கம் என்றேன், அதுவே மூன்றாவது பழக்கம். உறங்கும் நேரம் வீணாகும் நேரம் என்று எண்ணி, இரவு முழுவதும் விழித்திருப்பதைப் பெருமையாகக் கூறும் மாணவர் இருக்கின்றனர். அதைக் கேட்டு மகிழும் பெற்றோரும் இருக்கின்றனர். 1924-ஆம் ஆண்டில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் அறிஞர்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடத்தினர். இரண்டு மாணவர்கள் சில அசைகளை மனப்பாடம் செய்தனர். சில நாள்களில் உடனே உறங்கினர், சில நாள்களில் விழித்திருந்தனர். உறங்கி எழுந்தபின் நினைவில் நின்றவை, அதே அளவு நேரம் விழித்திருந்தபின் நின்றவற்றைக்காட்டிலும் மிகுதியாக இருந்தன. கற்றதை மனம் சேமித்து வைக்கும் வேலை உறக்கத்திலும் தொடர்கிறது என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன. நம் உடம்பிலுள்ள உயிரணுக்கள் இரவு பகலை அறிந்து ஒழுங்காக இயங்கும் முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2017-ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்கவேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் அறிவித்தது. நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவதைவிட மலிவான மருந்து மனச்சுமைக்கு இல்லை. காசு வேண்டா, கருவி வேண்டா. விளக்கை அணைக்கும் துணிவு ஒன்றே வேண்டும்.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரு வேலை. கைப்பேசி உங்கள் பாடப்புத்தகமாகவும், அகராதியாகவும், வகுப்புச் செய்தி தரும் தூதனாகவும் இருக்கிறது. அதை எறிந்துவிடுங்கள் என்று சொல்வது இக்காலத்திற்குப் பொருந்தாது. ஆனால் படிக்கும்பொழுது அது நடுவிலே அழைத்தால் நேரும் இழப்பை அறிந்துகொள்ளவேண்டும். சோஃபி லெராய் என்னும் அறிஞர் 2009-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், ஒரு வேலையை முடிக்காமல் மற்றொன்றுக்குத் தாவினால், முதல் வேலையைப் பற்றிய எண்ணத்தில் ஒரு பகுதி மனத்திலேயே தங்கிவிடுகிறது என்று காட்டினார். அதனைக் கவனத்தின் எச்சம் எனலாம். ரசம் வைத்த பாத்திரத்தைக் கழுவாமல் அதில் பால் காய்ச்சினால் என்ன ஆகும்? மனமும் அவ்வாறே திரிந்துவிடுகிறது. ஒரு செய்தியைப் பார்க்க அரை நிமிடந்தான் ஆயிற்று என்பீர்கள். பார்த்தது அரை நிமிடம். அதன் எச்சம் நீங்குதற்கு ஆகும் நேரமோ அதனினும் மிகுதி. ஆகையால் படிக்கும் நேரத்தில் கைப்பேசியை வேறோர் அறையில் வையுங்கள். ஓர் அறையே உள்ள வீடாயின், ஒலியை நிறுத்தி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உலகம் இருந்த இடத்திலேயே இருக்கக் காண்பீர்கள்.

ஐந்தாவது, பொருள்களைக் குறைத்து, உள்ளவற்றுக்கு இடம் வகுத்தல். நம் வீடுகளிலுள்ள அஞ்சறைப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். கடுகுக்கு ஓர் அறை, சீரகத்திற்கு ஓர் அறை, மிளகுக்கு ஓர் அறை. அடுப்பில் எண்ணெய் காயும்பொழுது தாயின் கை தேடுவதில்லை, பார்க்காமலே எடுக்கிறது. மாணவருடைய மேசையும் அஞ்சறைப்பெட்டிபோல் இருத்தல் வேண்டும். அளவுகோல் எங்கே, அடையாள அட்டை எங்கே, தேர்வு நுழைவுச்சீட்டு எங்கே என்று தேடும் ஒவ்வொரு முறையும், கானன் சொன்ன அந்தச் சுரப்பி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

பொருளைக் குறைத்தல் பற்றி அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ ஒரு செய்தி கூறுகிறார். அவர் 1845-ஆம் ஆண்டு ஜூலை 4 முதல் 1847-ஆம் ஆண்டு செப்டம்பர் 6 வரை வால்டன் என்னும் குளக்கரையில், 28 டாலர் 12½ சென்ட் செலவில் தாமே கட்டிய சிறு வீட்டில் வாழ்ந்தார். அவர் மேசைமேல் சுண்ணாம்புக் கற்கள் மூன்று அழகுக்காக இருந்தன. அவற்றை நாள்தோறும் தூசி துடைக்கவேண்டும் என்பதை அறிந்தவுடன், மனத்திலுள்ள தூசியைத் துடைக்கவே பொழுதில்லாதபோது இஃது எதற்கு என்று சாளரத்தின் வழியே எறிந்துவிட்டார். ஒவ்வொரு பொருளும் தன் விலையை ஒருமுறை கடையிலும், மறுபடி நாள்தோறும் வீட்டிலும் நம்மிடம் வாங்கிக்கொள்கிறது என்பது இதன் கருத்து. தோரோ மனிதரை வெறுத்து ஓடியவர் அல்லர். அவர் வீட்டில் நாற்காலிகள் மூன்று இருந்தன, விருந்தினர் வந்தனர், அவரும் ஊருக்குள் அடிக்கடி சென்றுவந்தார். எளிமைக்குத் தனிமை இன்றியமையாதது அன்று.

நம் தமிழ்நாட்டிலும் இக்கருத்தை ஆராய்ந்து சொன்ன பெரியார் ஒருவர் உண்டு. 1892-ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தி, மேலைநாட்டு முறையில் வாழ்ந்தவர். 1929-ஆம் ஆண்டில் காந்தியடிகளைச் சந்தித்தபின் கதர் உடுத்து, கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்தார். இறுதிக் காலத்தில் மதுரையை அடுத்த கல்லுப்பட்டியில் தங்கியிருந்து, 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் மறைந்தார். வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிப்பது தவறு என்றும், சிக்கலானது, எளியது என்று பிரிப்பதே பொருத்தம் என்றும் அவர் விளக்கினார். பாயில் அமர்ந்து வாழையிலையில் உண்பவர், மேசையில் அமர்ந்து கரண்டியால் உண்பவரினும் தாழ்ந்தவர் அல்லர், அவருடைய உணவு எளிய முறையில் அமைந்திருக்கிறது, அவ்வளவே. பிறரைப் பார்த்து நம்மைத் தாழ்வாக எண்ணும் நோய்க்கு இது நல்ல மருந்து.

ஆறாவது பழக்கத்தை ஆண்மக்கள் சற்றுக் கூர்ந்து கேட்கவேண்டும். தம் வேலையைத் தாமே செய்துகொள்ளுதலே அது. "நான் எளிமையானவன், எனக்கு இரண்டே வெள்ளைச் சட்டைகள்" என்று ஒருவன் பெருமை பேசலாம். அவ்விரண்டையும் நாள்தோறும் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பவர் அவன் தாயாராக இருந்தால், அவன் எளிமை அவன் தாயின் முதுகில் ஏறி அமர்ந்திருக்கிறது. தன் சுமையைப் பிறர் தலையில் இறக்கி வைப்பது சுமை குறைத்தல் ஆகாது. ஒரே வீட்டில், ஒரே வகுப்பில் படிக்கும் அண்ணனும் தங்கையும் உண்டு. மாலையில் வந்தவுடன் அண்ணன் புத்தகத்தை எடுக்கிறான். தங்கை துடைப்பத்தை எடுக்கிறாள். பிறகு இருவருக்கும் ஒரே தேர்வு. அத்தங்கைக்கு மன அமைதி பற்றிப் பேசுவதைவிட, அவ்வேலையில் பாதியை அண்ணன் ஏற்றுக்கொள்வதே சிறந்த அறிவுரை. உண்ட தட்டைக் கழுவுதல், துணியைத் துவைத்தல், தண்ணீர் பிடித்தல் முதலியவற்றை எல்லோரும் பகிர்ந்துகொண்டால் வீடு முழுவதும் எளிதாகும். மூளைக்கு ஓய்வு தருவதற்கும் கைவேலைக்கு இணையில்லை. நடத்தலும் அத்தகையதே. உயிரினங்களின் தோற்றத்தை ஆராய்ந்த சார்லஸ் டார்வின், தம் வீட்டை அடுத்த மணற்பாதையில் நாள்தோறும் சுற்றி நடந்து சிந்திப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். சுற்றுகளை எண்ணுதற்குப் பாதையோரத்தில் சிறு கற்களைக் குவித்து வைப்பாராம்.

இப்பழக்கங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டிலே நோய், பிரிவு, சண்டை, பிறர் இழைக்கும் கொடுமை ஆகியவற்றால் வரும் துயரத்தை ஏட்டில் கணக்கு எழுதித் தீர்த்துவிட முடியாது. பல நாள்களாக உறக்கமும் உணவும் செல்லாமல், எதிலும் விருப்பமின்றி, வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் தோன்றுமாயின், அது சோம்பலும் அன்று, குணக்குறையும் அன்று. காய்ச்சலைப்போல மருத்துவம் வேண்டும் நிலை அது. அப்பொழுது நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெரியவரிடமோ தயங்காமல் சொல்லுங்கள். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல உதவியை 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றிப் பெறலாம். உங்கள் தோழர் ஒருவர் திடீரென்று பேச்சைக் குறைத்து ஒதுங்கினால், அவருக்கும் இதைச் சொல்லுங்கள். தேர்வுத்தாள் ஒன்றுக்கு ஓர் உயிர் ஈடாகாது. தேர்வு மறுபடி வரும். காந்தியடிகளுக்கும் இலத்தீன் தேர்வு இரண்டாம் முறை வந்தது.

இத்தனை பழக்கங்களையும் நாளைக் காலையிலேயே தொடங்கிவிடலாம் என்று யாரேனும் எண்ணினால், வேண்டா என்று தடுப்பேன். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குவதும் ஒரு சுமையே. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இலண்டனில் 96 பேரிடம் நடத்தி 2010-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் முயற்சியின்றி நிகழும் பழக்கமாக மாறுதற்கு நடுத்தரமாக 66 நாள்கள் ஆகும் என்று தெரியவந்தது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் வரையிலும். இடையில் ஒருநாள் தவறியதனால் கெடுதி ஒன்றும் நேரவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு. ஆகவே ஒருநாள் விட்டுப்போயிற்றே என்று எல்லாவற்றையும் கைவிட்டுவிடாதீர்கள், மறுநாள் தொடருங்கள். புதிய பழக்கத்தைப் பழைய பழக்கத்தோடு சேர்த்துக் கட்டினால் அது எளிதில் நிலைக்கும். இரவு உணவு முடிந்து கைகழுவியவுடன் கணக்கு ஏடு. பல் துலக்கியவுடன் படுக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவாக ஒன்று. குறைந்த செலவில் வாழக் கற்றவனை யாரும் எளிதில் விலைக்கு வாங்க முடியாது. கடன் இல்லாதவன் தனக்குப் பிடித்த வேலையைத் தேடிக்கொள்ளக் காத்திருக்கலாம். தவறான கட்டளைக்கு முடியாது என்று சொல்லலாம். துன்புற்று வரும் நண்பனுக்கு ஒரு மணி நேரத்தை மனமுவந்து கொடுக்கலாம். மாணவப் பருவத்தில் நீங்கள் சேர்த்துவைக்கும் எளிய பழக்கங்கள் பிற்காலத்தில் இவ்வுரிமைகளை உங்களுக்கு அளிக்கும். ஒரு சிறிய ஏட்டையும் ஒரு பென்சிலையும் எடுத்துவைத்துக்கொண்டு இன்றிரவு தொடங்கலாம். முதல் வரியில் இன்றைய செலவை எழுதுங்கள். எழுதி முடித்தபின் நேரத்தோடு உறங்கச் செல்லுங்கள்.